கலிஃபோர்னியாவில் நம் வீட்டுக் கொல்லையில் இன்னொரு வீடு கட்டுவது எப்படி

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும்போதுதான் இந்த யோசனை பலருக்கும் முதலில் வருகிறது. மூன்று படுக்கையறை வீட்டில் பிள்ளைகளுக்கு ஒன்று, நமக்கு ஒன்று, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒன்று என்று போனபிறகு பெரியவர்களுக்கு ஹால் சோஃபாதான் மிஞ்சுகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் பின்பக்கம் வெறும் புல்தரை. அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டினால் என்ன?

தாராளமாகக் கட்டலாம். ஆக்சஸரி டுவெல்லிங் யூனிட் என்று சட்டம் சொல்லும் இந்த வீட்டை எல்லோரும் ஏ.டி.யூ என்றுதான் சொல்கிறார்கள். சொந்தச் சமையலறை, குளியலறை, வாசல் எல்லாம் உள்ள முழு வீடு, ஆனால் நிலம் உங்கள் பழைய வீட்டு நிலமேதான். நாங்களும் எங்கள் கொல்லையில் 640 சதுர அடியில் ஒன்று கட்டி முடித்தோம். அதில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்: வரைபடத்தில் தொடங்காதீர்கள். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது, கையில் எவ்வளவு பணம் திரட்ட முடியும், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வரைபடத்துக்கு வாருங்கள். நாங்கள் அழகான வரைபடத்தோடு ஆரம்பித்தோம். அதை இரண்டு முறை மாற்றி வரைய வேண்டி வந்தது, இரண்டு முறையும் பணம் கொடுத்தோம்.

யாருக்காகக் கட்டுகிறோம்

இதை முதலில் முடிவு செய்யுங்கள். பெற்றோருக்கு என்றால் வாசலில் படி வேண்டாம், கதவுகள் 36 அங்குல அகலம் இருக்கட்டும், குளிக்கும் இடத்தில் தாண்டி ஏற வேண்டிய விளிம்பு கூடாது. குளியலறைச் சுவரை மூடும் முன் உள்ளே குறுக்கே மரக்கட்டை அடித்து வைக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்துக் கைப்பிடி பொருத்தும்போது அது தாங்கும். அந்த நேரத்தில் செய்தால் செலவு மிகக் குறைவு, பிறகு செய்தால் டைல்ஸை உடைக்க வேண்டும். அப்புறம் அடுப்புக்கு மேலே வைக்கும் புகை விசிறி கட்டாயம் வெளியே புகையைத் தள்ளும் வகையாக இருக்க வேண்டும். வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகையை வைத்தால், 600 சதுர அடி வீட்டில் காலையில் தாளித்த வாசனை இரவு தலையணையில் இருக்கும்.

வாடகைக்கு என்றால் தனி நடைபாதை, துணி துவைக்க இடம், ஓசை கடக்காத சுவர் ஆகியவைதான் முக்கியம். பெரும்பாலானோருக்கு இரண்டும் வேண்டும்: இப்போது பெற்றோர், அவர்கள் ஊருக்குப் போனபின் வாடகை. அப்படியென்றால் பெற்றோருக்கு ஏற்றபடி கட்டுங்கள். படி இல்லாத வாசல் எந்த வாடகைக்காரருக்கும் தொந்தரவாக இருக்காது.

கட்டும் வகைகள் நான்கு. கொல்லையில் தனியாக நிற்பது, வீட்டோடு ஒட்டிக் கட்டுவது, கராஜை வீடாக மாற்றுவது, வீட்டுக்குள்ளேயே 500 சதுர அடிக்குள் பிரித்துக்கொள்ளும் ஜூனியர் ஏ.டி.யூ. கடைசி வகையில் குளியலறையைப் பெரிய வீட்டோடு பகிர்ந்துகொண்டால் உரிமையாளர் அதே இடத்தில் குடியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. கராஜை மாற்றுவது மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். கூரையும் சுவரும் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பழைய கராஜ் தரையின் அடியில் ஈரம் தடுக்கும் விரிப்பு இருக்காது, அஸ்திவாரம் மெல்லியதாக இருக்கலாம், தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அந்தப் பக்கமே வராமல் இருக்கலாம். அஸ்திவாரத்தை ஒரு ஆள் வந்து பார்க்காமல் மலிவு என்று நம்ப வேண்டாம்.

சட்டம் என்ன அனுமதிக்கிறது

கலிஃபோர்னியாவில் இரண்டாம் வீட்டுக்கு 1982 முதலே சட்டம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நகராட்சியும் தன் இஷ்டத்துக்குத் தடை போட்டு வந்தது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டங்களும், அதைவிட 2020 ஜனவரியில் வந்தவையும் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. இன்று ஃப்ரீமான்ட், சான் ஹோசே, இர்வைன் என்று எங்கே இருந்தாலும் அடிப்படை உரிமைகள் மாநிலச் சட்டத்திலிருந்து வருகின்றன, நகராட்சி அதைக் குறைக்க முடியாது.

800 சதுர அடி, 16 அடி உயரம், பக்கத்திலும் பின்னாலும் எல்லையிலிருந்து 4 அடி இடைவெளி: இந்த அளவுக்குள் இருக்கும் வீட்டை நகராட்சி அனுமதித்தே ஆக வேண்டும். அதற்கு மேல் போனால், ஒரு படுக்கையறைக்கு 850 சதுர அடி, அதற்கு மேற்பட்ட அறைகளுக்கு 1,000 சதுர அடி என்பதற்குக் கீழே உச்சவரம்பு வைக்க முடியாது. பல ஊர்களில் தனி வீட்டுக்கு 1,200 வரை விடுகிறார்கள். பெரிய பேருந்து அல்லது ரயில் நிறுத்தத்திலிருந்து நடந்துபோகும் அரை மைலுக்குள் இருந்தால் உயரம் 18 அடி வரை போகலாம்.

இதில் 4 அடி என்பதைக் கேட்டதும் எல்லோரும் சுவரை அந்தக் கோட்டிலேயே வைக்கச் சொல்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லாத கட்டடத்தில் எல்லையிலிருந்து 5 அடிக்குள் வரும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும்படி இருக்க வேண்டும், அந்தச் சுவரில் ஜன்னல்களும் 25 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு அடி உள்ளே தள்ளினால் இந்தச் செலவே இல்லை. கொல்லையில் இடம் இருந்தால் 5 அடி விடுங்கள். பெரிய வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் இல்லையென்றால் ஏ.டி.யூவுக்கும் கேட்க முடியாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

கராஜை மாற்றினால் அதற்குப் பதிலாக வேறு கார் நிறுத்தம் காட்ட வேண்டியதில்லை. வீட்டோர் சங்கம், அதாவது எச்.ஓ.ஏ, ஏ.டி.யூவே கூடாது என்று விதி வைத்திருந்தால் அது செல்லாது. கூரை நிறம், வெளிச்சுவர் பாணி போன்றவற்றில் நியாயமான நிபந்தனை மட்டும் போடலாம். உரிமையாளர் அங்கே குடியிருந்தாக வேண்டும் என்று வழக்கமான ஏ.டி.யூவுக்கு நகராட்சி இனி கேட்க முடியாது.

அளவைத் தீர்மானிக்கும்போது 750 என்ற எண்ணை மறக்காதீர்கள். உள்ளே புழங்கும் இடம் 750 சதுர அடிக்குள் அடங்கும் ஏ.டி.யூவுக்கு வளர்ச்சிக் கட்டணம் எனப்படும் இம்பாக்ட் ஃபீ கிடையாது. 750-ஐத் தாண்டினால் பெரிய வீட்டின் அளவுக்கு விகிதப்படி கட்டணம் வரும். ஊரைப் பொறுத்து இது பல ஆயிரம் டாலர். அதனால்தான் 750-க்குள் அடங்கும் வரைபடங்கள் இத்தனை விற்கின்றன. புதிய கட்டடங்களுக்குப் பள்ளி மாவட்டம் வாங்கும் கட்டணம் வேறு கணக்கு, அது 500 சதுர அடியிலிருந்து தொடங்குகிறது.

மண்ணுக்கு அடியில், சுவருக்குப் பின்னால்

இந்தப் படிக்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கழிவுக் குழாய். கழிவு நீர் ஈர்ப்பு விசையில்தான் ஓட வேண்டும். வழக்கமான சரிவு ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம். புதிய வீடு தெருக் குழாயோடு சேரும் இடத்திலிருந்து 80 அடி தள்ளி இருந்தால் குழாய் 20 அங்குலம் இறங்கியாக வேண்டும். கொல்லை தெருவைவிடத் தாழ்வாக இருந்தால் அது நடக்காது, தொட்டி வைத்து மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும். ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு, இருக்கும் குழாய்க்குள் கேமரா விட்டு ஆழத்தையும் நிலையையும் எழுதி வாங்குங்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் பழைய களிமண் குழாய், வேர் புகுந்து கிடந்தது. எங்களுடையதும் அப்படித்தான் என்பது வரைபடம் முடிந்தபிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் குளியலறையை வீட்டின் வேறு கோடியில் வைத்திருப்போம்.

அடுத்து மின்சாரம். மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பேனலைத் திறந்து முக்கிய சுவிட்சில் 100 என்று இருக்கிறதா 200 என்று இருக்கிறதா பாருங்கள். 100 ஆம்ப் வைத்திருக்கும் பழைய வீடுகளில், மின்சாரக் கார் சார்ஜரும் சேர்ந்தால், இன்னொரு வீட்டைத் தாங்காது. பேனலை மாற்ற எலக்ட்ரிஷியனுக்கு ஓரிரு நாள் போதும். மின் நிறுவனம் வந்து தெருவிலிருந்து வரும் கம்பியை மாற்றத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் வீடு பெயின்ட் அடித்து முடிந்து, மின் இணைப்புக்காக மட்டும் ஏழு வாரம் பூட்டிக் கிடந்தது. கட்டுமானம் தொடங்கும் முன்பே, முடிந்தால் பெர்மிட்டுக்குக் கொடுக்கும் அதே வாரத்தில், மின் நிறுவனத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றாவது, ஈஸ்மென்ட். உங்கள் நிலத்தின் ஒரு பட்டை, குழாய்க்கோ மின்கம்பிக்கோ வேறொருவர் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். அதன் மேல் கட்ட முடியாது. வீடு வாங்கியபோது கொடுத்த டைட்டில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும். பெரிய மரம் இருந்தால் அது பாதுகாக்கப்பட்டதா என்று நகராட்சியில் கேளுங்கள். புதிதாகத் தனியாகக் கட்டும் ஏ.டி.யூவுக்குச் சூரிய மின் தகடு கட்டாயம், அதைப் பெரிய வீட்டுக் கூரையிலும் வைக்கலாம். கராஜ் மாற்றத்துக்கு அது தேவையில்லை.

பணத்துக்கு வழி

சிறிய வீடு என்பதால் சதுர அடிக்கு ஆகும் செலவும் குறையும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். உண்மை நேரெதிர். ஒரு வீட்டில் அதிகம் செலவு வைப்பவை சமையலறையும் குளியலறையும்தான். 500 சதுர அடியிலும் இரண்டும் வேண்டும், 1,000 சதுர அடியிலும் அதே இரண்டுதான். அதனால் நண்பரின் 1,000 சதுர அடி வீட்டுச் செலவைப் பாதியாக்கி உங்கள் செலவு என்று நினைக்க வேண்டாம். காண்ட்ராக்டர் தரும் தொகையின் மேல் வரைபடம், பொறியாளர் கணக்கு, பெர்மிட், மின் இணைப்பு, நடைபாதை, வேலி என்று தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். மொத்தத்தில் 15 சதவீதம் எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். எங்களுக்கு அது முழுக்கச் செலவானது.

பெரும்பாலானோர் நம்பியிருப்பது வீட்டின் ஈக்விட்டியை, அதாவது வீட்டு மதிப்பில் கடன் போக நமக்குச் சொந்தமான பங்கை. கணக்கு எளிது. வீட்டின் மதிப்பு 12 லட்சம் டாலர், பாக்கிக் கடன் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி மதிப்பில் 80 சதவீதம் வரை விட்டால் மொத்தம் 9.6 லட்சம். பழைய கடனைக் கழித்தால் 3.6 லட்சம் வரை எடுக்கலாம். எடுக்கும் வழிகள் இரண்டு மூன்று உண்டு.

பழைய கடனையே பெரிதாக்கி மாற்றிக்கொள்வது கேஷ் அவுட் ரீஃபைனான்ஸ். 2021 ஜனவரியில் 30 வருட வட்டி சராசரியாக 2.65 சதவீதம் வரை இறங்கியது. அந்தக் காலத்தில் கடனை மாற்றியவர்கள் இந்த வழியைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதிதாக வாங்கும் 3 லட்சத்துக்கு மட்டுமல்ல, பழைய 6 லட்சத்துக்கும் இன்றைய வட்டி வந்துவிடும்.

அவர்களுக்கு இரண்டாவது கடன்தான் வழி. ஹெலாக் என்பது தேவைப்படும்போது தேவையான அளவு எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு. எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி என்பதால் படிப்படியாகப் பணம் கேட்கும் கட்டுமானத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் வட்டி மாறிக்கொண்டே இருக்கும், முதல் பத்து வருடம் பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்பதால் சுமை குறைவாகத் தெரியும். 2.5 லட்சம் டாலருக்கு 8 சதவீதம் என்றால் மாதம் 1,667 டாலர். பிறகு 20 வருடத்தில் அசலையும் சேர்த்து அடைக்கும் காலம் தொடங்கினால் அதே வட்டியில் 2,091 டாலர். இரண்டாவது எண்ணைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். மாறாத வட்டி வேண்டுமென்றால் ஹோம் ஈக்விட்டி லோன் வாங்கலாம், ஆனால் மொத்தமும் முதல் நாளே வந்து அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

வீடு வாங்கி இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது, ஈக்விட்டி சேரவில்லை என்றால் புதுப்பிப்புக் கடன்கள் உண்டு. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மேயின் ஹோம்ஸ்டைல், ஃபிரெடி மேக்கின் சாய்ஸ் ரெனவேஷன், கடனுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எச்.ஏவின் 203கே ஆகியவை ஏ.டி.யூ கட்டி முடிந்தபின் வீட்டுக்கு வரப்போகும் மதிப்பை வைத்துக் கடன் தருகின்றன. 2023 அக்டோபரிலிருந்து எஃப்.எச்.ஏ, இனிமேல் கட்டப்போகும் ஏ.டி.யூவின் மதிப்பிட்ட வாடகையில் 50 சதவீதத்தை உங்கள் வருமானமாகச் சேர்த்துக்கொள்கிறது. இந்தக் கடன்களில் காகித வேலை அதிகம், வட்டி பழைய கடனுக்கும் சேர்த்து மாறும், ஆனால் வேறு வழியில்லாதவருக்கு இது நல்ல வழி.

மாநில வீட்டு நிதி நிறுவனம் முன்பு 40,000 டாலர் வரை மானியம் கொடுத்தது. அந்தப் பணம் தீர்ந்துவிட்டது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். உங்கள் நகராட்சியிலோ கவுண்டியிலோ தனித் திட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடனுக்கு முதலில் ஒப்புதல் வாங்குங்கள், பிறகு வரைபடம்.

வரைபடமும் பெர்மிட்டும்

2025 ஜனவரி முதல் ஒவ்வொரு நகராட்சியும் முன்பே ஒப்புதல் பெற்ற ஏ.டி.யூ வரைபடங்களை ஏற்கும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனி வீடாகக் கட்டினால் 30 நாளில் பதில் வர வேண்டும். மற்றவற்றுக்கு, முழுமையான விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 60 நாள். பொது விசாரணை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்து நிறுத்த முடியாது. சதுரமான, சமதளமான மனை என்றால் முன் ஒப்புதல் வரைபடத்தை முதலில் பாருங்கள், நிறைய மிச்சமாகும். அதற்கும் அஸ்திவாரமும் மனை வரைபடமும் உங்கள் இடத்துக்கு ஏற்றபடி தனியாக வரைய வேண்டும்.

'முழுமையான' என்ற சொல்லில்தான் தாமதம் ஒளிந்திருக்கிறது. ஒரு தாள் குறைந்தாலும் 60 நாள் தொடங்காது. நகராட்சியின் சரிபார்ப்புப் பட்டியலை டிசைனரிடம் கொடுத்து ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுப்பது

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், மூவருக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுங்கள். லைசென்ஸ் எண்ணை, காண்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் தரும் மாநில வாரியமான சி.எஸ்.எல்.பியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று தெரியும். பாண்ட், அதாவது அவர் ஏமாற்றினால் ஈடுகட்டும் உறுதித்தொகை, இருக்கிறது என்று மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த பாண்ட் 25,000 டாலர்தான், அதையும் அவரால் பாதிக்கப்பட்ட எல்லோரும் பங்கு போட வேண்டும்.

முன்பணமாக 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது கலிஃபோர்னியாச் சட்டம். 2.5 லட்சம் டாலர் வேலைக்கும் முன்பணம் 1,000 டாலர்தான். சிறப்பு பாண்ட் கட்டிய சிலருக்கு மட்டும் விலக்கு. "பொருள் வாங்க வேண்டும், 30 சதவீதம் கொடுங்கள்" என்று ஒருவர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் அவரை விட்டுவிடுங்கள். பணத்தை முன்பே வாங்கி, பாதியில் நிறுவனத்தை மூடிவிட்டுப் போனவர்களால் ஓய்வூதியச் சேமிப்பை இழந்த குடும்பங்கள் இந்த மாநிலத்தில் உண்டு. அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, மரச்சட்டகம் நின்றால் இவ்வளவு, இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டிப் பணம் போகக் கூடாது.

வேலை தொடங்கியதும் மரக்கடையிலிருந்தும் கான்கிரீட் கம்பெனியிலிருந்தும் 'முன்னறிவிப்பு' என்று கடிதங்கள் வரும். பயப்பட வேண்டாம், அது வழக்கு அல்ல. ஆனால் ஒரு கோப்பில் வையுங்கள். நீங்கள் காண்ட்ராக்டருக்கு முழுப் பணம் கொடுத்திருந்தாலும், அவர் மரக்கடைக்குக் கொடுக்கவில்லை என்றால் கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் லீன், அதாவது பாக்கிக்கான பிடிப்புரிமை, போடலாம். ஒவ்வொரு தவணைக்கும் முன், கடிதம் அனுப்பிய ஒவ்வொருவரிடமிருந்தும் லீன் விடுதலைப் படிவம் வாங்கித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். நல்ல காண்ட்ராக்டர் இதை எதிர்பார்த்தே வருவார்.

கட்டும் மாதங்கள்

கான்கிரீட் ஊற்றும் முன், சுவரை மூடும் முன், முடிவில் என்று பல கட்டங்களில் இன்ஸ்பெக்டர் வருவார். சுவரை ஜிப்சம் பலகையால் மூடுவதற்கு முந்தைய நாள் மாலை, குழாயும் கம்பியும் போகும் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுங்கள், பக்கத்தில் அளவு நாடாவை வைத்து. பின்னால் அலமாரி அடிக்க ஆணி இறக்கும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

சாவி வந்தபிறகு

சொத்து வரி: 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புரொபோசிஷன் 13 என்ற வரிச் சட்டம் உங்கள் பழைய வீட்டின் அடிப்படை மதிப்பைக் காக்கிறது. புதிதாகக் கட்டிய பகுதி மட்டும் மதிப்பிடப்பட்டு அதற்கு ஏறக்குறைய ஒரு சதவீதமும் உள்ளூர் வரிகளும் சேரும். இதற்கான துணை வரி பில் பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போகாமல் நேரே உங்களுக்குத் தபாலில் வரும். வரிக்கென்று மாதத் தவணையோடு கடன் நிறுவனம் வாங்கி வைக்கும் எஸ்குரோ கணக்கிலிருந்து கட்டிவிடுவார்கள் என்று நினைத்துக் குப்பையில் போட்டு அபராதம் கட்டியவர்கள் உண்டு. வாடகைக்கு விட்டால் வருமானத்தைக் காட்ட வேண்டும், கட்டடத்தின் தேய்மானத்தை 27.5 வருடத்தில் கழித்துக்கொள்ளலாம். வரிக் கணக்காளரான ஒரு சி.பி.ஏவிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். பல ஊர்களில் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டத் தொடங்கும் முன்னும், முடிந்தபிறகும் எழுத்தில் தெரிவியுங்கள். நகராட்சியில் தனி முகவரி எண் வாங்கி, அந்த எண்ணைப் பின்வீட்டில் மட்டுமல்ல, தெருவிலிருந்து தெரியும்படி முன்பக்கத்திலும் வையுங்கள். இரவில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஆம்புலன்ஸ் வந்தால், கொல்லையில் ஒரு வீடு இருப்பது அவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்துத்தான் தெரியும்.